பழைய கல்தொட்டியை முற்றத்துக்குத் தள்ளாதீர்கள்

1689 ஓகஸ்ட் 19 ஆம் திகதி, சென்னை ஜோர்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில் மூன்று சகோதரிகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. மேரி, எலிசபெத், கத்தரின் என்று பெயர்கள் பதிவேட்டில் ஏறின. தகப்பன் ஜொப் சார்னொக், கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காளத்து அலுவலர். தாய் ஓர் இந்தியப் பெண். அன்று அந்தப் பிள்ளைகளின் தலையில் வார்த்த நீர் ஒரு கருங்கல் தொட்டியிலிருந்து அள்ளப்பட்டது. பல்லாவரத்து மலையில் வெட்டியெடுத்த கல் அது. தொட்டி இன்றும் அதே ஆலயத்தில் நிற்கிறது.

மறு ஆண்டு சார்னொக் ஹூக்ளி ஆற்றங்கரையில் இறங்கி, பின்னாளில் கல்கத்தாவாக வளர்ந்த இடத்தில் கம்பனிக்குக் கால் ஊன்றினார். அவர் இறந்தபின் அங்கே எழுப்பிய கல்லறைக்கும் சென்னைப் பக்கத்திலிருந்தே கல் போனது. இருநூறு ஆண்டு கழித்து, இந்தியப் புவியியல் அளவைத் துறையின் தோமஸ் ஹொலண்ட் அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்து, அந்தப் பாறை வகைக்கு 1893 இல் சார்னகைட் என்று பெயர் வைத்தார். மகள்மார் ஞானஸ்நானம் பெற்ற தொட்டியும் தகப்பன் உறங்கும் கல்லறையும் ஒரே இனப் பாறையால் ஆனவை. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் அந்தப் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு என்பது புவியியலாளர் கணிப்பு. அதே இனம் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் நிறையக் கிடக்கிறது.

இவ்வளவு கதையும் இன்று நமக்குக் கிடைத்ததற்கு இரண்டே காரணம். தொட்டியை யாரும் தூக்கி வெளியே போடவில்லை. பதிவேட்டை யாரும் கறையானுக்குக் கொடுக்கவில்லை. கோட்டை 1746 இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய் 1749 இல் திரும்பியது. 1758 டிசெம்பர் முதல் சில மாதம் முற்றுகையில் கிடந்து குண்டடி பட்டது. அத்தனைக்குப் பிறகும் கல்லும் தாளும் எஞ்சி இருந்தன. இரண்டில் ஒன்று போயிருந்தாலும் மற்றது பாதி ஊமையாகியிருக்கும்.

இலங்கையின் கிழக்கே உள்ள சவளக்கடையில் இருந்து இதை ஏன் பேச வேண்டும்?

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறவர், வயல்வெளிக்கு நடுவே பள்ளிவாசல் மினாராவையும் கோயில் கோபுரத்தையும் தேவாலயச் சிலுவையையும் ஒரே பயணத்தில் பார்க்கிறார். கொஞ்சம் உள்ளே போனால் சொறிக்கல்முனை. அங்குள்ள திருச்சிலுவைத் திருத்தலத்தின் செப்டெம்பர் திருவிழாவுக்கு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பல ஊர்களில் இருந்து சனம் வந்து சேரும். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், இன்னும் பல சபையார் என்று கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். போர்த்துக்கீசர் மட்டக்களப்பில் கோட்டை கட்டத் தொடங்கியது 1628 இல். வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்து, ஒரு வருடம் நிறையும் முன்பே இறந்துபோனார். அவர் தொடங்கிய வேலை கரை நெடுகப் பள்ளிக்கூடமாகவும் ஆலயமாகவும் பரவியது.

இந்தக் கரை இழந்ததும் கொஞ்சமல்ல. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி கூரைகளையும் தென்னைகளையும் ஒன்றாகச் சாய்த்தது. பிறகு வந்த யுத்தம் ஊர்களை மாறி மாறி வெறுமையாக்கியது. 2004 டிசெம்பர் 26 காலையில் கடல் எழுந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரை நெடுக வீடுகளும் வணக்க இடங்களும் சிதைந்தன. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், கலியாணப் படம், பேரப்பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்த நகை எல்லாம் உப்புத் தண்ணீரில் போயின. கடதாசியையும் மரத்தையும் நம்பி நினைவைச் சேமித்தவர்களுக்கு அந்த ஒரு காலை என்ன செய்தது என்பதை இந்த ஊர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி ஒரு கரையில், எஞ்சி நிற்கும் கல் ஒவ்வொன்றும் பெறுமதியானது.

ஆனால் எஞ்சிய கல்லுக்கு இப்போது வரும் ஆபத்து அலையாலும் குண்டாலும் வருவதில்லை. நல்ல மனதோடு செய்யும் திருத்த வேலையால் வருகிறது. தேவாலயத்தைப் புதுப்பிக்கக் கட்டடக் குழு கூடுகிறது. வெளிநாட்டிலிருக்கும் ஊர்ப்பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள். தரைக்கு மாபிள், சுவருக்கு டைல்ஸ், பீடத்துக்குப் புது மேடை. மூலையில் நிற்கும் பழைய தொட்டி புது நிறத்தோடு ஒட்டவில்லை. அதைப் பெயர்த்து முற்றத்தில் வைக்கிறார்கள். முதல் மழையில் நீர் நிற்கிறது, அடுத்த மாதம் யாரோ செம்பருத்தி நடுகிறார்கள். பத்து வருடத்தில் அது என்ன கல் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இது ஒரு சபைக்கோ ஒரு ஊருக்கோ உரிய பழக்கமல்ல. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பழைய ஆலய வளவுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். பழைய கல்தொட்டியை ஆலயத்துக்குள்ளேயே வைத்திருங்கள். அதில் தொடர்ந்து நீர் வார்த்து வாருங்கள். அதன் கதையை எழுதி வையுங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

ஏன் என்று விளங்க, தொட்டி வந்த கதையைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் கிறிஸ்தவர்களுக்குத் தொட்டியே தேவைப்படவில்லை. யோர்தான் ஆறு இருந்தது. ஓடும் நீர் இருக்கும் இடமெல்லாம் போதுமானதாக இருந்தது. சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் உள்ள தூரா யூரோப்போஸில், மூன்றாம் நூற்றாண்டில் ஒரு சாதாரண வீட்டை வணக்க இடமாக மாற்றியவர்கள், அதன் ஓர் அறையில் ஞானஸ்நானத்துக்கென்று தரையோடு ஒரு தொட்டி கட்டி மேலே விதானமும் அமைத்தார்கள். அகழ்வில் வெளிவந்தவற்றுள் மிகப் பழைய ஞானஸ்நான அறைகளில் அது ஒன்று. உரோமையில் ஐந்தாம் நூற்றாண்டில் லாத்தரன் ஆலயத்துக்கு அருகே எட்டுப் பக்கங்கொண்ட தனி மண்டபமே எழுந்தது. வாரத்தின் ஏழு நாள் முடிந்து எட்டாம் நாளில் புதுப் படைப்பு தொடங்குகிறது என்ற நம்பிக்கையால் எட்டு என்ற எண் இந்தக் கட்டடங்களிலும் தொட்டிகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. பெரியவர்கள் முழுகி எழுந்த காலம் போய்க் குழந்தைகளைக் கொண்டுவருவது வழமையானபோது, தொட்டி நிலத்திலிருந்து எழும்பி இடுப்பளவு உயரத்துக்கு வந்தது.

தமிழ்க் கரைக்கு ஞானஸ்நானம் வந்த விதமும் இதே ஒழுங்கில்தான். 1530களின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542 இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், நாள் முழுக்க நீர் வார்த்துக் கை சோர்ந்துபோன கதையைத் தம் கடிதத்தில் எழுதினார். 1544 இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையின் முக்குவர் பத்தாயிரம் பேருக்கு ஒரே மாதத்தில் ஞானஸ்நானம் கொடுத்ததையும் அவரே பதிந்திருக்கிறார். அங்கெல்லாம் கல்தொட்டி ஏது? கடற்கரை மணலும் ஒரு செம்பு நீரும் இருந்திருக்கும். அதே 1544 இல் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் அறுநூறு பேரளவில் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். தோட்டவெளியில் அவர்களின் நினைவு இன்றும் போற்றப்படுகிறது.

கல்தொட்டி அதற்குப் பிறகு வருகிறது. மிஷனரி கப்பலேறிப் போய்விடுவார், ஆனால் சபை இங்கேயே இருக்கும் என்று ஒரு ஊர் முடிவெடுத்த பிறகு வருகிறது. பல ஆள் பிடித்தும் நகர்த்தச் சிரமமான ஒரு பொருளை ஒரு கூட்டம் ஆலயத்துக்குள் நட்டு வைக்கிறதென்றால், பேரப்பிள்ளைகளையும் இங்கேதான் கொண்டுவருவோம் என்ற உறுதி அதில் இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபை 1604 இல் வெளியிட்ட விதிகளில் ஒன்று, ஒவ்வோர் ஆலயத்திலும் ஞானஸ்நானத்துக்குக் கல்லால் ஆன தொட்டி இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் ஒவ்வொரு பங்கு ஆலயத்துக்கும் திருமுழுக்குத் தொட்டி வேண்டும் என்கிறது.

தொட்டியின் உடம்பிலேயே பல செய்திகள் இருக்கின்றன, பார்க்கத் தெரிந்தால். பழைய தொட்டிகள் பலவற்றில் அடியில் ஒரு துளை இருக்கும். ஆசீர்வதித்த நீர் சாக்கடைக்குப் போகாமல் நேரே மண்ணுக்குள் இறங்குவதற்கான வழி அது. விளிம்பில் இரும்புக் கொளுவி இருந்த தழும்பு தெரிந்தால், ஒரு காலத்தில் மூடியும் பூட்டும் இருந்தன என்று பொருள். அந்த நீரைத் திருடிச் சூனியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற பயத்தால், தொட்டிகளைப் பூட்டி வைக்கும்படி 1236 இல் கன்டர்பரிப் பேராயர் எட்மண்ட் உத்தரவிட்டார். உளித் தடம் கல்தச்சனின் கைப்பழக்கத்தைச் சொல்லும். கல்லின் இனம், எந்த மலையில் இருந்து வந்தது என்பதைச் சொல்லும். டைல்ஸ் கடையில் வாங்கிய தொட்டியில் இவற்றில் ஒன்றுமே இராது.

இங்கிலாந்தின் வடக்கே கம்பிரியாவில் பிரைட்கேர்க் என்று ஒரு சின்னக் கிராமம். அங்குள்ள ஆலயத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதைச் செதுக்கிய ரிக்கார்த் என்ற சிற்பி, தன் பெயரை ரூனிக் எழுத்தில் பொறித்து, உளியும் சுத்தியலுமாக வேலை செய்யும் தன் உருவத்தையும் அதிலேயே செதுக்கி வைத்தான். அரசனும் ஆயரும் மட்டுமே கல்லில் பெயர் பெற்ற காலத்தில் ஒரு தொழிலாளி தன் முகத்தைத் தானே விட்டுப்போயிருக்கிறான். அந்தத் தொட்டி ஏதோ ஒரு திருத்த வேலையில் நொறுக்கப்பட்டிருந்தால், அந்த மனிதன் இருந்ததே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

பக்கத்தில் கேரளத்தைப் பார்க்கலாம். கடுத்துருத்தி, இடப்பள்ளி, காஞ்ஞூர் போன்ற ஊர்களின் பழைய சிரிய மரபு ஆலயங்களில் செதுக்கு வேலைப்பாடு கொண்ட கருங்கல் ஞானஸ்நானத் தொட்டிகள் இருக்கின்றன. அந்த நாட்டு ஆலய முற்றங்களில் நிற்கும் கற்சிலுவைகளின் அடிப்பீடத்தில் தாமரை இதழ் விரிந்திருக்கும். கப்பலில் வந்திறங்கிய சமயமாக மட்டும் அதைப் பார்க்க முடியாதபடி அந்த மண்ணின் கல்வேலை அதற்குள் கலந்திருக்கிறது. இந்தச் செல்வத்தை வெளியுலகம் அறிந்ததற்கு, ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்து, அளந்து, எழுதி வைத்த ஆய்வாளர்களே காரணம். நம் கரையின் ஆலயங்களுக்கு அப்படி ஒரு கணக்கெடுப்பு வேண்டியிருக்கிறது.

எழுதி வைக்காத கல்லுக்கு என்ன நேரும் என்பதற்கு இலங்கையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1912 இல் அநுராதபுர அகழ்வில் சிலுவை செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. முதலில் பார்த்த தொல்பொருள் அதிகாரிகள் அது போர்த்துக்கீசர் காலத்தது என்று எண்ணினார்கள். பின்னர் ஹம்ப்றி கொட்றிங்டன், ஆறாம் நூற்றாண்டு வணிகர் கொஸ்மாஸ் இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர் வாழ்ந்ததாக எழுதிய குறிப்பைத் துணையாகக் கொண்டு, அது அந்தச் சபையாரின் சிலுவை என்று வாதிட்டார். ஒரே கல்லுக்கு ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு வயது. கல் பேசும் என்று சொல்வது எளிது. பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பும் இல்லாவிட்டால் அது பேசுவது எந்தக் காலத்துப் பேச்சு என்றே விளங்காது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதல் வாதம் வழிபாட்டைப் பற்றியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, ஞானஸ்நானம் சபை முழுவதும் பார்க்கும்படி நடக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. வாசல் பக்கத்து மூலையில் நிற்கும் தொட்டி அதற்கு வசதியில்லை. நியாயமான பேச்சுத்தான். ஆனால் மூலையில் இருந்து முன்பக்கத்துக்கு மாற்றுவது வேறு, முற்றத்துக்கு அனுப்புவது வேறு. ஆலயத்துக்குள் இடம் மாற்றினால் அது சபையின் தொட்டியாகவே இருக்கிறது. கல் வெடித்து நீர் தங்காவிட்டால், உள்ளே ஒரு செப்புக் கிண்ணமோ கண்ணாடிக் கிண்ணமோ வைத்து அதில் நீர் வார்க்கலாம். பல நாட்டு ஆலயங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது வாதம் கனமானது. இந்தத் தொட்டிகள் அந்நியர் ஆட்சியின் அடையாளம் என்பது. அதில் உண்மை இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானமும் கலியாணமும் பள்ளிக்கூடத் தோம்பு என்ற பதிவேட்டில் பதியப்பட்டன. சட்டப்படியான திருமணத்துக்கும் சொத்துரிமைக்கும் அரச உத்தியோகத்துக்கும் அந்தப் பதிவு வேண்டியிருந்தது. மனதில் ஒன்றும் ஏட்டில் ஒன்றுமாகப் பலர் வாழ்ந்தார்கள். 1796 இல் ஆங்கிலேயர் வந்து அந்த நெருக்குதல் தளர்ந்ததும் பெருந்தொகையானோர் தங்கள் பழைய சமயத்துக்கு வெளிப்படையாகத் திரும்பினார்கள். அப்படியானால் அந்தக் காலத் தொட்டி விசுவாசத்துக்கு மட்டுமல்ல, வற்புறுத்தலுக்கும் சாட்சி. அதை வெளியே எறிந்தால் வற்புறுத்தலின் சாட்சியும் சேர்ந்தே போய்விடும். அந்தக் கதையையும் ஒளிக்காமல் பக்கத்தில் எழுதி வைப்பதே முறை.

அதே தொட்டிகள் வேறொன்றுக்கும் சாட்சியாக நிற்கின்றன. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 1707 மே 12 இல் முதன்முதல் ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனியர்களின் வீட்டு அடிமைகள். விலைக்கு வாங்கப்பட்டவர்கள். எசமான்களின் பிள்ளைகள் பெற்ற அதே ஞானஸ்நானத்தை அவர்களும் பெற்றார்கள். சபைகளுக்குள் சாதி அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது. இருக்கை பிரிந்தது, நற்கருணைக் கிண்ணத்தில் சண்டை வந்தது. கல்கத்தா ஆயர் டானியல் வில்சன் 1833 இல் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதவேண்டி வந்தது. இவை எல்லாவற்றுக்கும் நடுவில், எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே தொட்டி என்று ஒரு ஊர் வைத்திருந்தால் அது சின்ன விசயமல்ல. அந்தத் தொட்டி எது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட முடிய வேண்டும்.

மூன்றாவது, நூதனசாலைக்குக் கொடுத்துவிடலாமே என்ற யோசனை. கைவிடப்பட்ட ஆலயம், களவுப் பயம் உள்ள இடம் என்றால் அது சரி. சபை உயிரோடு இருக்கும் இடத்தில் அது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். ஜோர்ஜ் கோட்டைத் தொட்டியின் பெருமை அதன் வயதில் மட்டும் இல்லை. அது நிற்கும் கூரையின் கீழ் மூன்று நூற்றாண்டுக்கு மேலாக வழிபாடு நடந்து வருகிறது, அதுவும் பெருமைதான். கண்ணாடிப் பெட்டிக்குள் போன தொட்டியைப் பார்க்க மாணவர் வருவர். ஆலயத்தில் நிற்கும் தொட்டியிடம் தாய் வருவாள், ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் வருவார்கள், அழுகிற குழந்தையும் வரும்.

தூக்கி எறிந்துவிட்டுப் பின்னர் வருந்திய வரலாறும் இருக்கிறது. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1645 இல் பாராளுமன்றம் ஏற்ற புது வழிபாட்டு முறை பழைய தொட்டிகளின் இடத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதைத் தடுத்தது. பல கிராமங்களில் தொட்டிகள் வெளியே போயின. சில மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிகளாயின. 1660 இல் மன்னராட்சி மீண்டதும் ஊர்கள் பழையதைத் தேடத் தொடங்கின. கிடைக்காத ஊர்கள் அவசரத்தில் புதுத் தொட்டி செய்தன. 1660, 1661, 1662 என்று ஆண்டு பொறித்த தொட்டிகள் இன்றும் அந்நாட்டுக் கிராமங்களில் நிற்கின்றன. பதினைந்தே ஆண்டில் மனம் மாறிவிட்டது. ஆனால் உடைந்த பழைய கல் திரும்பவில்லை.

இந்தப் பேச்சு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதா? இல்லை. இந்தக் கரையின் பழைய பள்ளிவாசல்களில் தொழுகைக்கு முன் வுழூச் செய்ய ஹவுழ் என்ற நீர்த்தொட்டி இருந்தது. பள்ளி பெருப்பிக்கும்போது ஹவுழை மூடிவிட்டுப் பைப்பு வரிசை போடுவது இப்போது பொது வழக்கம். கோயில் திருப்பணியில் பழைய தீர்த்தக் கிணற்றைச் சீமெந்துத் தட்டால் மூடிவிடுகிறார்கள். மூன்று சமயத்திலும் நீர் வைத்த இடமே முதலில் பலியாகிறது. நீருக்குக் குழாய் வந்துவிட்டது, பிறகு இது எதற்கு என்ற ஒரே கேள்விதான் மூன்று இடத்திலும் கேட்கப்படுகிறது.

முஸ்லிம் வாசகருக்கு இன்னொன்றும் சொல்லலாம். யோர்தானில் ஞானஸ்நானம் கொடுத்த யோவானை அவர்கள் யஹ்யா நபி என்று போற்றுகிறார்கள். திமிஷ்கு (டமாஸ்கஸ்) நகரத்தின் உமையாப் பெரிய பள்ளிவாசலின் தொழுகை மண்டபத்துக்குள்ளேயே யஹ்யா நபியின் அடக்கத்தலம் என்று நம்பப்படும் இடம் இருக்கிறது. முன்பு யோவானின் பெயரால் ஆலயம் இருந்த இடத்தில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பள்ளிவாசல் எழுந்தது. கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அங்கே வந்து நிற்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலும், அதே வாரம் சாய்ந்தமருதில் நடந்த குண்டுவெடிப்புகளும் இந்தக் கரையின் அயலவர்களுக்கு இடையில் பயத்தை விதைத்தன. அயலாரின் பழைய பொருளைக் காப்பதற்குக் கை கொடுப்பது, அந்தப் பயத்தைக் குறைக்கும் உண்மையான வேலைகளில் ஒன்று.

என்ன செய்யலாம்? பெரிய பணம் வேண்டியதில்லை.

முதலில் கணக்கு. ஒவ்வோர் ஆலய சபையும் தன்னிடம் உள்ள தொட்டி, மணி, கல்லறைக் கல், பழைய பதிவேடு ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும். உயரம், விட்டம், கல்லின் நிறம், எழுத்து இருந்தால் எழுத்து, நாலு பக்கமும் படம். கைத்தொலைபேசி போதும். ஊரில் மூத்தவர்களிடம், இந்தத் தொட்டி எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, முன்பு எந்த இடத்தில் நின்றது என்று கேட்டுக் குரலைப் பதிய வேண்டும். எண்பது வயதுக்காரர் சொல்வதை அடுத்த வருடத்துக்குத் தள்ள முடியாது. ஞானஸ்நானப் பதிவேட்டை ஒளிப்படமெடுத்து ஒரு பிரதியை ஊருக்கு வெளியே வைக்க வேண்டும். சுனாமி கற்றுத்தந்த பாடம் அது. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் போன்ற முயற்சிகள் இதற்கு வழிகாட்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டின் மாணவரும் சேர்ந்து கரையோர ஆலயம், பள்ளிவாசல், கோயில் மூன்றிலும் நீர் வைத்த பழைய கல்லைக் கணக்கெடுத்தால் அது ஒரு நல்ல ஆய்வாக நிற்கும்.

அடுத்தது பராமரிப்பு. பழைய கல்லுக்கு எனாமல் பெயின்ற் பூசக்கூடாது. அமிலம் ஊற்றிக் கழுவக்கூடாது. பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். கடற்காற்றோடு வரும் உப்பு கல்லின் நுண்துளைகளில் படிகமாகிப் பருத்து மேற்பரப்பை உதிர்க்கும். சுண்ணக்கல், முருகைக்கல் வகைகளுக்கு இது விரைவில் நேரும். கருங்கல் தாக்குப்பிடிக்கும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. வெடிப்பைச் சீமெந்தால் அடைப்பது தவறு. சீமெந்து மென்மையான கல்லைவிடக் கடினமாகி, அடுத்த வெடிப்பைக் கல்லில் உண்டாக்கும். சுண்ணச் சாந்தே பழைய கல்லுக்கு ஏற்றது. கிண்ணத்தையும் காலையும் இணைக்க உள்ளே இரும்பு ஆணி வைத்திருந்தால், அது துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கும். அதைத் தெரிந்தவரைக் கொண்டு எடுத்துக் கறள் பிடிக்காத உலோகத்தால் மாற்ற வேண்டும். தினசரிச் சுத்தத்துக்கு நல்ல தண்ணீரும் மென்மையான தும்பும் போதும்.

நகர்த்தியே ஆகவேண்டுமென்றால், நகர்த்தும் முன் நின்ற இடத்தைத் தரையில் குறித்து, எந்தப் பக்கம் எந்தத் திசை என்று படமெடுத்து, சங்கிலியால் கட்டாமல் அகலப் பட்டியால் தூக்க வேண்டும். மிகப் பழையது என்ற ஐயம் இருந்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கு முதலில் அறிவிக்க வேண்டும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் நாட்டில் இருக்கிறது. தொல்பொருளை அனுமதியின்றி நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம். பழைய பொருள் வாங்க வரும் வியாபாரிக்கு இதைச் சொல்லிவிடலாம்.

மேய்ப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2012 இல் தனி மறைமாவட்டமான மட்டக்களப்பு கத்தோலிக்க மறைமாவட்டமும், மெதடிஸ்தத் திருச்சபையும், அங்கிலிக்கன் திருச்சபையும், திருத்த வேலைக்கு அனுமதி கொடுக்கும் படிவத்தில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்: பழைய ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறதா, வேலை முடிந்தபின் அது எங்கே நிற்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாத திட்டத்துக்குக் கையெழுத்துப் போடக்கூடாது. காசு அனுப்பும் ஊர்ப்பிள்ளைகளும் இதையே கேட்கலாம். கனடாவிலும் லண்டனிலும் இருந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் அவர்களுக்குக் காட்ட விரும்புவது புது மாபிளை அல்ல, தங்கள் அம்மம்மா ஞானஸ்நானம் பெற்ற இடத்தை.

கட்டடக் குழுவின் முதல் கூட்டத்திலேயே இது நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும். மேசன் வந்து தரையைக் கிண்டத் தொடங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.